ஆத்தப்பனின் பெயரில் நுழைந்தவர்கள்

ஆத்தப்பனுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். அப்புறம் பேச்சு நின்றுபோகும். பேச்சு நின்றுவிட்டது என்று தெரிந்தால் பனியன் கம்பெனியின் துணி ஸ்டோரில் இருப்பவர்கள் ஆளுக்கொரு ரோலுக்குப் பின்னால் ஏதோ வேலை கிடப்பதுபோல் நகர்ந்துவிடுவார்கள். இரண்டாயிரத்து எட்டாம் வருசம், ஆடி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், காலை பத்து மணிக்கே அவர் காது சிவந்துவிட்டது.

மேனேஜர் கன்னையன் ஒரு தாளைக் கொண்டுவந்து எடைமேடைக்குப் பக்கத்து மேசைமேல் வைத்ததுதான் காரணம். இங்கிலீஷில் டைப் அடித்த தாள். அடியில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே ஆத்தப்பன் என்று பேர்.

"சாயங்காலத்துக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடுத்துரு. ஒரு ரெண்டு மாசம் குடோன் பக்கம் இரு. பையர்காரன் மறந்ததும் திரும்பி வந்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் கன்னையன் போய்விட்டார்.

ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை முடித்துக்கொண்ட ஆத்தப்பனுக்கு அந்தத் தாளில் தெரிந்தது தன் பேரும், நானூற்றுப் பதினேழு என்ற லாட் நம்பரும்தான். ஸ்டோரில் கம்ப்யூட்டர் பதிவு பார்க்கும் விஜயராணியைக் கூப்பிட்டு என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். அவள் சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், பிழைக்க வந்த குடும்பம், பன்னிரண்டு வரை படித்தவள். இரண்டு தடவை வாசித்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். நிறத்தின் ஷேடு சரியில்லாத லாட் என்று தெரிந்தும் அதை நான் அஜாக்கிரதையாகக் கட்டிங்குக்கு விட்டுவிட்டேன், தப்பு என்னுடையது, இனிமேல் துணி பாஸ் செய்யும் வேலையில் நான் இல்லை. இதுதான் அந்தத் தாள்.

அவர் யார் என்று தெரிந்தால்தான் அந்தத் தாளின் கொடுமை விளங்கும்.

அவிநாசிக்கு வடக்கே ஒரு தோட்டத்துக் குடும்பத்தில் பிறந்தவர். பதிமூன்று வயதில் பனியன் கம்பெனிக்குத் தையல்காரருக்குத் துணையாகக் கைமடிக்க வந்து, பண்டல் தூக்கி, லோடு இறக்கி, இந்தக் கம்பெனி எட்டு மிஷினோடு ஒரு ஓட்டு வீட்டில் ஆரம்பித்த நாளிலிருந்து இங்கேயே இருக்கிறார். இருபத்தொரு வருசம். சாயப்பட்டறையிலிருந்து வந்த துணியை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ஒரு மடிப்பை விரித்துப் பார்ப்பார். நீலத்தில் ஒரு துளி சிவப்பு கூடியிருந்தால் சொல்லிவிடுவார். லேபில் வைத்துப் பார்த்தாலும் அதுதான் வரும். அவர் கண்ணுக்குத் தப்பி ஒரு ரோல் கட்டிங் மேசைக்குப் போனதில்லை. சம்பளம் கூட்டிக் கேட்டுச் சண்டை போட்டவர் இல்லை. துணிக்காக அவர் சண்டை போடாத ஆள் அந்தக் கம்பெனியில் மிச்சமில்லை.

அந்த நானூற்றுப் பதினேழும் அப்படித்தான் வந்தது. நேவி புளூ, முப்பத்திரண்டு ரோல். பதினாறு ரோலில் சிவப்பு கூடியிருந்தது. முப்பத்திரண்டுக்கும் சிவப்பு அட்டை கட்டித் தொங்கவிட்டு, கம்ப்யூட்டரிலும் நிறுத்திவைத்துவிட்டு, வியாழக்கிழமை மத்தியானம் மங்கலம் ரோட்டுச் சாயப்பட்டறைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். ஐந்து மணி வரைக்கும் அங்கே சண்டை. அப்படியே வீட்டுக்குப் போய்விட்டார். வெள்ளிக்கிழமை காலையில் வந்து பார்த்தால் ரேக் காலி. கட்டிங்குக்கு ஓடினார். எல்லாம் வெட்டியாகி, பாதி தையல் லைனுக்கே போய்விட்டிருந்தது. அன்றைக்கு மதியமே, சரக்கு வாங்குகிற பையரின் ஆள் லைனில் நின்று, உடம்பு ஒரு நீலம், கை ஒரு நீலமாக இருந்த பனியனைத் தூக்கிக் காட்டினான்.

யார் விட்டது என்று கம்ப்யூட்டரைத் திறந்தார்கள். வியாழக்கிழமை நாலு மணி பத்து நிமிசம், ரிலீஸ் செய்தவர் ஆத்தப்பன் என்று இருந்தது.

தான் அந்த நேரத்தில் சாயப்பட்டறையில் நின்றதை அவர் சொல்லாமல் இல்லை. அங்கே கேட் நோட்டில் கையெழுத்துக்கூட இருக்கிறது. கன்னையன் அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார். அங்கிருந்து போன் போட்டு, பாஸ்வேர்டைச் சொல்லி, விஜயராணியை விடச் சொல்லியிருப்பாய், அதுவும் உன் தப்புதானே என்றார். கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா என்றும் கேட்டார்.

பாஸ்வேர்டு என்றதும்தான் ஆத்தப்பனுக்குப் பொறி தட்டியது.

நாலு மாதம் முன்னால்வரை இந்தத் தலைவலி வேறு மாதிரி. துணி வரவுக்கு ஒரு பாஸ்வேர்டு, ஸ்டாக்குக்கு ஒன்று, பையர் பக்கம் பார்க்க ஒன்று, கேட் பாஸ் அடிக்க ஒன்று. நாலையும் மார்க்கர் பேனாவால் ரேக்கின் பின்பக்கம் எழுதிப் போட்டிருந்தார்கள். டீ கொண்டுவருகிற ஆளுக்குக்கூட அது தெரியும். பையர் கம்பெனிக்காரன் ஆடிட்டுக்கு வந்தபோது அந்த ரேக்கைப் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டான். யார் எதைப் பாஸ் செய்தாலும் அவரவர் பேரில் தெரியவேண்டும், இல்லாவிட்டால் ஆர்டர் இல்லை என்று மெயில் வந்தது. உடனே கேட்வே என்று ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். கம்பெனியின் எல்லா வேலைக்கும் முன்னால் ஒரே வாசல். வாசலில் ஒரு தடவை பேரும் பாஸ்வேர்டும் சொன்னால் போதும், உள்ளே இருக்கிற எல்லாக் கதவையும் அதுவே திறந்துவிடும்.

அதை வைத்தது சிஸ்டம் அட்மின் சரவணக்குமார். கோயமுத்தூரில் படித்த பையன், மரியாதையான பையன், எதற்கும் முடியாது என்று சொல்லத் தெரியாத பையன். ஆளுக்கொரு சீட்டில் பேரும் பாஸ்வேர்டும் எழுதிக் கொடுத்து, இதை யாருக்கும் சொல்லக்கூடாதுங்ணா என்று ஆத்தப்பன் காதோரம் சொன்னான். ஆத்தப்பன் அதைச் சாமி உத்தரவு மாதிரி எடுத்துக்கொண்டார். சீட்டை மனப்பாடம் செய்து கிழித்துப் போட்டார். ஒற்றை விரலால் அடிக்கும்போது இடது கையால் கீபோர்டை மறைத்துக்கொள்வார். பெண்டாட்டி மயிலாள் கேட்டும் சொல்லவில்லை. அவளுக்கு அது எதற்கு என்பது வேறு விசயம்.

அப்படிக் காத்த பாஸ்வேர்டு வெளியே போயிருக்கிறது என்றால், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவளால்தான் போயிருக்கவேண்டும். ஆத்தப்பன் விஜயராணி பக்கம் திரும்பினார். மூன்று ரேக் தள்ளி நின்றவர்களுக்கும் கேட்கும்படி கேட்டார். என் விரலைப் பார்த்துத்தானே திருடினாய், யார் சொல்லி விட்டாய், எவன் கொடுத்த தைரியம் என்று. அவள் அழுவாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவள் அழவில்லை. கையிலிருந்த தாளை மேசைமேல் வைத்தாள்.

"அண்ணே, ரிலீஸ் சீட்டுல உங்க பேரு இருந்துச்சு. நீங்கதான் மனசு மாறி விட்டீயன்னு நெனச்சேன். லோடுமேன் அட்டையப் பிச்சதும் அதனாலதான். உங்க பாஸ்வேர்டு எனக்கு எதுக்கு? என் சீட்டு என்கிட்ட இருக்குல்லா."

 அவள் பேச்சை ஆத்தப்பன் நம்பவில்லை. ஆனால் அவள் அடுத்துச் சொன்னதைக் கேட்டார். கேட்வே வழியாகப் போனால் அன்றாட வேலை மட்டும்தான் தெரியும். பழைய பக்கத்துக்கு நேராகப் போய் அவர் பேரைப் போட்டால், அந்தப் பேரில் இதுவரை என்னென்ன நடந்தது என்று ஒரு பட்டியல் வரும். முன்னே அப்படித்தான் பார்ப்போமே என்றாள். சொல்லிவிட்டு அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு, தள்ளிப்போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

ஆத்தப்பன் உட்கார்ந்தார். பேரை அடித்தார். பாஸ்வேர்டை அடித்தார். தப்பு என்று வந்தது. விரலைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். தப்பு. மூன்றாவது தடவை அடித்ததும் சிவப்பில் இரண்டு வரி வந்து பக்கமே உறைந்து நின்றது. என் பேர், என் பாஸ்வேர்டு, எனக்கே கதவு திறக்காதா என்று அவர் மேசையைத் தட்டியதில் பேனா ஸ்டாண்டு விழுந்தது.

ஐந்து நிமிசம்கூட ஆகியிருக்காது. கட்டிங்கிலிருந்து தங்கவேலு வந்து, சிஸ்டம் ஏதோ மக்கர் செய்கிறது, துணியை லேயர் லேயராக விரித்துப் போட்டுவிட்டு ஆளெல்லாம் சும்மா நிற்கிறது என்றார். அவர் பின்னாலேயே பேக்கிங் கோமளா வந்தாள். கன்டெய்னர் வந்து நிற்கிறது, பேக்கிங் லிஸ்ட் பிரிண்ட் வரவில்லை. அவள் முகத்தில் குழப்பம்.

"ஏனுங்ணா, நா எம் பேரச் சொல்லித்தானுங்க உள்ள போறன். உங்க பேரு பூட்டிக் கெடக்குதுன்னு எனக்கு எதுக்குங்க வருது?"

தங்கவேலுவும் தனக்கும் அதே வரிதான் வந்தது என்றார். விஜயராணி ஓடிப்போய்த் தன் சீட்டைப் பார்த்து உள்ளே போனாள். அவளுக்கும் அதே சிவப்பு வரி. ஆத்தப்பன் என்ற பேர் பூட்டப்பட்டுள்ளது.

அப்படியானால் எல்லாரும் உள்ளே போவது ஆத்தப்பன் பேரில்தான். படித்தவர்கள் படிக்காதவர்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. ஆத்தப்பன் எழுந்தார். ஸ்டோரை ஒட்டி ஒரு ஏசி அறை. சர்வரும், சரவணக்குமாரின் கம்ப்யூட்டரும் அதற்குள்ளேதான். அந்த அறை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். கேன்டீனிலிருந்து வாயைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்த சரவணக்குமார் அவர் முன்னால் நின்றான்.

"ரெண்டு நிமிசத்துல தெறந்துருவனுங்ணா. எந்திரிங்கணா."

"மொதல்ல நீ வாயத் தொற."

அவன் சொன்னான். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான், பாவம், அவனுக்கும் நாலு மாதமாக அது தொண்டையில்தான் நின்றிருக்கிறது. கேட்வே வாசலில் எத்தனை பேரை வேண்டுமானாலும் சேர்க்கலாம். உள்ளே இருக்கிற அப்ளிகேசனில் அப்படி இல்லை, வாங்கின எண்ணிக்கைக்கு மேல் ஒரு பேர்கூடக் கூட்டமுடியாது. எல்லாருக்கும் வேண்டும் என்று மேலே இருந்து உத்தரவு. இன்னும் பேர் வாங்கலாம் என்று கேட்டதற்கு இப்போது வேண்டாம் என்று பதில். அதனால் வாசலில் ஆளுக்கொரு பேரை வைத்துவிட்டு, உள்ளே போகும்போது ஐந்து பேருக்கும் ஆத்தப்பன் பேரையே மாட்டிவிட்டான். உள்ளே இருக்கிற ஆத்தப்பனுக்குப் புதிதாக ஒரு பாஸ்வேர்டு போட்டு அதை கேட்வேயிடம் கொடுத்து வைத்துவிட்டான். அதனால்தான் ஆத்தப்பனுக்கே அது தெரியாது.

"எதுக்குடா எம்பட பேரு?"

அண்ணன் பேரில்தான் எல்லா வேலைக்கும் அனுமதி இருந்ததுங்க, அதோடு அண்ணனைப் பற்றி யாரும் தப்பாக நினைக்கமாட்டார்களே என்று சரவணக்குமார் தரையைப் பார்த்துச் சொன்னான். எல்லாக் கம்பெனியிலும் இப்படித்தான் ஓட்டுகிறார்கள் என்றும் சேர்த்துக்கொண்டான்.

அதில்தான் ஆத்தப்பனுக்கு நெஞ்சு எரிந்தது. பத்து வருசம் போட்ட சட்டையைக் கேட்காமல் எடுத்து ஊரெல்லாம் மாட்டிக்கொண்டு திரிந்துவிட்டு, கறை பட்டதும் துவைக்கச் சொல்லி வீட்டில் வீசுவதுபோல் இருந்தது. ஆடிட்காரனுக்கு ஆளுக்கொரு பேர் என்று காட்டியாயிற்று. உள்ளே பார்த்தால் பழைய ரேக்கும் மார்க்கர் பேனாவும்தான். முன்னாலாவது தனியாக ஒருத்தர் பேரில் பழி விழாது. இப்போது அவர் பேர்.

அவர் குரல் இறங்கிவிட்டது. இறங்கினால் இன்னும் ஆபத்து. ஐந்து பேர் என்றாயே, இங்கே நாங்கள் நாலு பேர்தானே நிற்கிறோம், அஞ்சாவது யார் என்று கேட்டார்.  எனக்கு வேலை போயிருமுங்ணா என்றான் சரவணக்குமார். வாசலில் யார் எப்போது வந்தார்கள் என்று கேட்வே தனியாக ஒரு கணக்கு வைத்திருக்குமா என்று தங்கவேலு கேட்டார். வைத்திருக்கும் என்றான். வியாழக்கிழமைக்கு அதைப் பிரிண்ட் எடு என்றார் ஆத்தப்பன். மேனேஜர் சொல்லாமல் எடுக்கமுடியாது என்றான். அப்படியானால் நானும் எந்திரிக்க முடியாது என்று அவர் கையைக் கட்டிக்கொண்டார்.

கன்டெய்னர் டிரைவர் வெளியே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். கட்டிங் நின்றது, பேக்கிங் நின்றது. கன்னையன் வந்து கத்தினார். செக்யூரிட்டியைக் கூப்பிட்டார். செக்யூரிட்டி வந்து ஆத்தப்பனைப் பார்த்துவிட்டு, அண்ணாவத் தொட முடியாதுங்க என்று தூணுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். கடைசியில் முதலாளி நாச்சிமுத்துவே மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

"என்ன ஆத்தப்பா, சின்னப் பையனாட்ட வாசல்ல குக்கீட்டு."

ஆத்தப்பன் எழுந்து நின்றார். நாற்காலியை மட்டும் நகர்த்தவில்லை.

"முதலாளிங்க, நா தப்புப் பண்ணியிருந்தா குடோனுக்கு இல்லீங்க, ஊட்டுக்கே போயிக்கிறனுங்க. எம் பேருல அஞ்சு பேரு உள்ள போயிருக்கறாங்க. அதுல எவன் அந்த லாட்ட விட்டான்னு அந்த மிஷினு சொல்லும். ஒரே ஒரு தாளுங்க. அதக் குடுத்துட்டுக் கதவத் தொறந்துக்கங்க."

இருபத்தொரு வருசத்தில் அவர் முதலாளியிடம் கேட்ட முதல் தாள் அது. நாச்சிமுத்து மச்சானைப் பார்த்தார். கன்னையன் அவர் மனைவியின் அண்ணன். ஷிப்மென்ட் நேரத்தில் இதெல்லாம் எதற்கு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கன்னையன் சொன்னார். சொன்ன விதத்தில் நாச்சிமுத்துவுக்கு என்ன தோன்றியதோ, எடுப்பா என்று சரவணக்குமாரிடம் சொன்னார்.

பிரிண்டர் அந்தப் பக்கம் கரகரவென்று ஓடியது. தாளை சரவணக்குமார் முதலாளியிடம் நீட்டினான். அவர் படிக்காமல் விஜயராணியிடம் கொடுத்து, சத்தமாகப் படி என்றார். எதற்கு அவளிடம் கொடுத்தார் என்று தெரியவில்லை. தன் வாயால் சொல்லப் பிடிக்கவில்லையோ என்னவோ. அவள் மத்தியானத்திலிருந்து வரிசையாகப் படித்தாள். மூணு ஐம்பது, கோமளா. மூணு ஐம்பத்தெட்டு, தங்கவேலு. நாலு மணிக்கெல்லாம் எல்லாரும் வெளியே. நாலு எட்டு, கன்னையன். நாலு பதினாலு, கன்னையன் வெளியேறினார். அதற்கப்புறம் நாலே முக்கால் வரை யாரும் இல்லை.

நாலு எட்டுக்கும் நாலு பதினாலுக்கும் நடுவில்தான் அந்த நாலு பத்து இருந்தது.

கன்னையன் மறுக்கவில்லை. ஷிப்மென்ட் தவறினால் விமானத்தில் அனுப்பவேண்டி வரும், செலவு எகிறிவிடும், அதற்குத்தான் விட்டேன், யாருக்காக விட்டேன், உங்களுக்காகத்தானே என்று மச்சானிடம் பேசினார். ரிலீஸ் அடித்தால் ஆத்தப்பன் பேரில்தான் விழும் என்று அவருக்கு முன்னாலேயே தெரியும் என்பதும் அந்தப் பேச்சிலேயே வந்துவிட்டது. அப்புறமும் மேசைமேல் தாளைக் கொண்டுவந்து வைத்தவர் அவர்தான்.  அவரை அடித்துவிடாமல் இருப்பதற்காக ஆத்தப்பன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

நாச்சிமுத்து கொஞ்ச நேரம் மோவாயைத் தடவினார். மச்சானை எழுதிக் கொடுக்கச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சரி, யார் பேரும் வேண்டாம், சாப்ட்வேர் கோளாறு என்று பையருக்கு எழுதிவிடலாம் என்றார். ஆத்தப்பன் காலையில் கன்னையன் வைத்துவிட்டுப் போன தாளை எடுத்து, தன் பேர் இருந்த அடிப்பாகத்தை மட்டும் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மீதியைக் கொடுத்தார். நீங்க எதை வேணாலும் எழுதிக்கங்க என்றார். ஆனால் இன்றைக்குக் கதவு திறக்கும்போது உள்ளே தன் பேரில் தான் ஒருவன் மட்டுமே போகவேண்டும், மற்றவர்களுக்குப் பேர் வாங்கும்வரை நோட்டில் எழுதிக்கொள்ளட்டும் என்றார். வெளியே ஹாரன் விடாமல் கேட்டது. நாச்சிமுத்து தலையாட்டினார். சரவணக்குமார் உள்ளே போய் முதலில் நாலு பேரைக் கழற்றினான், அப்புறம்தான் பூட்டைத் திறந்தான். கன்டெய்னருக்கான பேக்கிங் லிஸ்டை கோமளா வந்து சொல்லச் சொல்ல ஆத்தப்பனே ஒற்றை விரலால் அடித்துக் கொடுத்தார். ஒன்றரை மணி நேரம் ஆனது. டிரைவர் வாயில் வந்ததையெல்லாம் சொன்னான்.

அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் விஜயராணி தனியாக உட்கார்ந்திருந்தாள். ஆத்தப்பன் பக்கத்தில் போய் நின்று, சாப்டியா கண்ணு என்று கேட்டார்.

"திருடின்னு சொன்ன வாயிதானா இது? நல்லாருக்கே அண்ணே."

"சொல்லீட்டன். தப்புதான்."

அதற்குமேல் அவருக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது. அவள் டிபன் பாக்ஸை மூடிவிட்டு எழுந்து போய்விட்டாள். ஒரு வாரம் வேலைப் பேச்சு மட்டும்தான் பேசினாள். அது நியாயம்தான் என்று அவரும் விட்டுவிட்டார்.

பத்து நாளில் புதுப் பேர்கள் வாங்கிவிட்டார்கள். வாசலில் யார் பேரோ உள்ளேயும் அதே பேர். கன்னையனுக்கும் ஒன்று கிடைத்தது. நானூற்றுப் பதினேழின் பதிவில் மட்டும் ரிலீஸ் செய்தவர் ஆத்தப்பன் என்றே இருக்கிறது. நடந்து முடிந்த பதிவை மாற்ற முடியாதாம். அதைக் கேட்ட அன்று அவர் சோறு தின்னவில்லை. இன்றைக்கும் யாராவது கம்ப்யூட்டரில் போட்டால் போதும் அண்ணா, மறக்காது என்று சொன்னால் அவர் காது சிவக்கிறது.

ஆவணியில் ஒரு மெரூன் லாட் வந்தது. ஓரம் வெளுத்திருந்தது. ஆத்தப்பன் நிறுத்தி வைத்தார். மறுநாள் கன்னையன் ஸ்டோருக்கு வந்தார். அந்தச் சனிக்கிழமைக்கு அப்புறம் இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசியதில்லை. ஓரத்த வெட்டிப் போட்டுக்கலாம், விட்டுரு ஆத்தப்பா என்றார்.

ஆத்தப்பன் நாற்காலியிலிருந்து எழுந்தார். கம்ப்யூட்டரில் தன் பேரிலிருந்து வெளியே வந்தார். நாற்காலியைக் கன்னையன் பக்கம் தள்ளினார்.

"உங்களுக்கும் இப்பப் பேரு இருக்குதுங்களே. உக்காருங்க. உங்க பேருல விடுங்க."

கன்னையன் உட்கார்ந்தார். பேரும் பாஸ்வேர்டும் கேட்டு வாசல் பக்கம் திறந்து நின்றது. அவர் கீபோர்டில் கையை வைத்தார். ஒரு எழுத்துக்கூட அடிக்கவில்லை. அப்புறம் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, யாரோ கூப்பிட்டதுபோல் பேசிக்கொண்டே எழுந்து வெளியே போய்விட்டார்.

மெரூன் லாட் அன்று சாயங்காலமே சாயப்பட்டறைக்குத் திரும்பிப் போனது.